புரட்டாசியில் விட்டுவிட்டு ஐப்பசியில் அவதிப்படாதீர்கள்: மழைக்கால வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசியைப் பற்றிச் சொல்லும்போது 'பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்' என்பார்கள். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் இடி இடித்து ஒரு பாட்டம் மழை கொட்டும். வீட்டை மழைக்குத் தயார் செய்ய நமக்குக் கிடைக்கும் அவகாசம் இந்த ஒரு மாதம்தான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டி, ஐப்பசி பிறந்த கையோடு தொடங்கிவிடும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் பெய்கிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் பாதிக்கும் மேல். அவ்வளவு மழையை வாங்கப்போகிற வீட்டை, வெளியே வெயில் காய்கிறதே என்று அப்படியே விட்டுவிடுகிறோம். மற்ற தவறுகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

மொட்டை மாடியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு வருடம் எங்கள் வீட்டு மாடியில் மழைநீர்க் குழாயின் வாயை மாவிலைச் சருகும் ஒரு பால் கவரும் அடைத்துக்கொண்டன. விடிய விடிய பெய்த மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, தளத்து வெடிப்பு வழியாக இறங்கி, பரணில் வைத்திருந்த மெத்தை தலையணையெல்லாம் ஊறிப்போயின. ராத்திரி இரண்டு மணிக்கு இடி மின்னலுக்கு நடுவே மாடி ஏறி அடைப்பை எடுத்தோம். அதைச் செய்திருக்கவே கூடாது. இப்போதெல்லாம் புரட்டாசி முதல் வாரத்தில் மாடியைப் பெருக்கி, ஒவ்வொரு குழாய் வாயிலும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுகிறோம். கடகடவென்று இறங்கினால் சரி, தேங்கித் தேங்கி இறங்கினால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

இதையொட்டி இன்னொரு தவறு, தீபாவளிக்கு முன்னால் ஈரச் சுவருக்கு பெயின்ட் அடிப்பது. பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். மார்கழிக்குள் பெயின்ட் கொப்பளித்து உரிந்துவிடும், அடித்த காசு வீண். தளத்து வெடிப்பைக் காய்ந்த நாளில் அடைத்துவிட்டு, சுவரை மழைக்காலம் முடியும் வரை காயவிட்டு, பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுதான் சரி. நம் ஊரில் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கும் வழக்கம் பருவத்தோடு ஒத்துப்போகிற வழக்கம்.

தமிழ்நாட்டில் 2003இல் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பல வீடுகளில் குழியை அன்றைக்குத் தோண்டியதோடு சரி, உள்ளே இருக்கும் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவியதே இல்லை. அப்புறம் தண்ணீர் எப்படி இறங்கும்? கிணற்றில் விடுகிறவர்கள், மாடி அழுக்கைச் சுமந்து வரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

கொசுவும் காய்ச்சலும்

டெங்கு என்றதும் தெருச் சாக்கடையைக் காட்டிப் பேசுகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வளர்வது நம் வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரில். மூடாத அண்டா, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், பிரிட்ஜின் பின்புறத் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்குச்சி, மாடியில் போட்ட பழைய டயர் என்று இடங்கள் ஏராளம். மேல்நிலைத் தொட்டிக்கு மூடி போடுகிறவர்கள்கூட தண்ணீர் நிரம்பி வழியும் குழாயின் வாய்க்கு வலை கட்டுவதை மறந்துவிடுகிறார்கள். கொசு அது வழியாக உள்ளே போய்விடும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. பாத்திரம் காய்ந்தாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் அப்படியே இருந்து, அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரியும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்காகப் பிடித்து வைத்த டிரம் புரட்டாசியில் காலியாகத்தான் கிடக்கும், ஆனால் அதன் சுவரில் முட்டை இருக்கலாம். அதனால் உட்புறத்தை நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை தேய்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போதே இந்த வேலையும் நடந்துவிடும். தனியாக ஒரு நாள் வைத்தால் மறந்துபோகும்.

அதோடு, ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. ராத்திரி மட்டும் கொசுவிரட்டி போட்டுவிட்டு, மதியம் தொட்டிலில் தூங்கும் குழந்தையை வலை இல்லாமல் விடாதீர்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால் போன வருடம் மிச்சமான மாத்திரையைத் தேடி எடுக்க வேண்டாம். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தொடவே கூடாது. ரத்தக்கசிவு ஆபத்தை அவை கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். நிலவேம்புக் குடிநீர் கொடுத்தோம், பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம் என்ற தைரியத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் கூடாது.

இதைப் படிக்கிற அம்மா அப்பாக்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் இறங்கியதும் 'அப்பாடா, விட்டுவிட்டது' என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் இரண்டு நாளும் பிள்ளை கண் பார்வையிலேயே இருக்கட்டும். வயிறு கடுமையாக வலிக்கிறது என்றாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை துவண்டு படுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குடிதண்ணீர் விஷயத்தில் பலரும் செய்வது, வெதுவெதுப்பாகச் சுட வைத்து இறக்கிவிடுவது. கிருமி சாக வேண்டுமென்றால் தளதளவென்று கொதிக்க வேண்டும், கொதி வந்த பிறகும் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்க வேண்டும். கொதிக்கவைத்த தண்ணீர் சூடாக இருக்கிறது என்று அதிலேயே பச்சைத் தண்ணீரைக் கலந்து குழந்தைக்குக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கொதிக்கவைத்ததே வீண். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நல்லது. கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், கூடினால் கெடுதல்.

மின்சாரம்

'எங்க வீட்ல டிரிப்பர் இருக்கு' என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது பெரும்பாலும் எம்.சி.பி., அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் விழும் சுவிட்ச். அது ஒயரைக் காப்பாற்றும், ஷாக் அடிக்கும் மனிதரைக் காப்பாற்றாது. அதற்கு மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுவது. மெயின் பெட்டியைத் திறந்து எது இருக்கிறது என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மழைக்கு முன் ஒரு முறை அழுத்துங்கள், விழவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த்தையும் அவரே பார்த்துவிடட்டும்.

ஜன்னல் கம்பியிலிருந்து மின்மீட்டர் பக்கத்துத் தூண் வரைக்கும் இரும்புக் கம்பியில் கொடி கட்டி ஈரத்துணி போடுகிற வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். எங்கேயோ ஒரு ஒயர் உரசினால் கம்பி முழுக்க மின்சாரம் பாயும், துணி எடுக்கப் போகிறவர் உயிர் போகும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்படி ஒரு செய்தி வருகிறது. நைலான் கயிறு பத்து இருபது ரூபாய்தான். தெருவில் தண்ணீர் ஏறி வாசற்படியைத் தொட்டால், அது பிளக் பாயின்ட் மட்டத்துக்கு வருவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு அணைக்கக் கூடாது. அறுந்து கிடக்கும் ஒயரைப் பார்த்தால் பக்கத்தில் போகாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள்.

அடுக்களை

புரட்டாசி வெயிலில் பருப்பு, மிளகாய், புளியைக் காயவைப்பது நல்ல பழக்கம். ஆனால் மொட்டை மாடியிலிருந்து கொண்டுவந்த சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடிவிட்டால் உள்ளே வேர்த்து, காயவைத்த பருப்பே பூசணம் பிடிக்கும். முறத்தில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, பிறகு இரண்டு வரமிளகாயோ ஒரு துண்டு வசம்போ போட்டு மூடுங்கள். அரிசி மூட்டையைச் சுவரோடு சாய்த்துத் தரையில் வைக்காமல், பலகை மேல் வையுங்கள். பூசணம் பூத்த வேர்க்கடலையைத் துடைத்து வறுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பூஞ்சை விடும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பீரோவின் கீழ்த்தட்டு

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பலர் பத்திரம், மார்க்‌ஷீட், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தண்ணீரில் இழந்தார்கள். நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்தியது. முக்கியமான காகிதத்தைக் கனமான சாமானோடு சேர்த்துப் பீரோவின் அடித்தட்டில் வைப்பது நம் வழக்கம், வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான். எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல்தட்டுக்கு மாற்றுங்கள், செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். தெற்கே வராது என்றும் இருக்க முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

அதே மாதம் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை. செல்போனில் பணம் செலுத்திப் பழகியவர்கள் பால் பாக்கெட் வாங்கக் கையில் காசில்லாமல் நின்றார்கள். கொஞ்சம் சில்லறை நோட்டும், பெரியவர்களுக்கான பிரஷர், சுகர் மாத்திரை பத்து நாளைக்கும் வீட்டில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் இருந்தால், பிரிட்ஜ் நின்றுபோகும் நாளுக்கு ஒரு மண்பானை தயாராக இருக்க வேண்டும். மருந்தை நனையாதபடி உறையில் கட்டி, ஈரமான பானைக்குள் வைத்தால் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கொல்லைப் படியிலும் துணி துவைக்கும் கல்லைச் சுற்றியும் படியும் பாசியை மழை தொடங்குவதற்கு முன் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். வாசலில் விரிக்கும் ஈரச் சாக்கு வழுக்கும், அதை எடுத்துவிட்டு அடியில் ரப்பர் உள்ள மிதியடி போடுங்கள். அவர்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், பேட்டரி போட்ட டார்ச் ஒன்று வைத்துவிட்டு, இருட்டில் எடுத்து ஏற்றத் தெரிகிறதா என்று ஒரு முறை அவர்களையே ஏற்றச் சொல்லிப் பாருங்கள்.