அறுகம்பேயில் எந்த அலை உங்களுக்கு ஏற்றது? புதியவர்களுக்கான படிப்படியான வழி

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேக்கு முதன்முதலாகச் சர்ஃபிங் (அலைச்சறுக்கு) பழக வருகிறவர்கள் பெரும்பாலும் "இன்றைக்கு அலை எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. அலைக்குக் கீழே மணலா, கல்லா? விழுந்தால் எந்த வழியாகக் கரையேறுவது? இடுப்பளவு அலை ஓரிடத்தில் விளையாட்டு, அதே நாளில் இன்னோரிடத்தில் முழங்கால் காயம். பொத்துவிலுக்கு வடக்கிலிருந்து தெற்கே உகந்தை வரை உள்ள இடங்களை இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பிரித்திருக்கிறேன்.

படி 1: பருவமும் நேரமும்

மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். தூரத் தெற்குக் கடலில் எழும் புயல்கள் அனுப்பும் அலைகள் அப்போது இந்தக் கரையை வந்தடைகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றும் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்ட கச்சான் காற்றாக இறங்கி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அந்த எதிர்க்காற்றில் அலையின் முகம் கலங்காமல் நிமிர்ந்து நிற்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் எல்லாம் குழம்பிவிடும், ஆகவே விடியற்காலையிலேயே இறங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் அலையும் பெரிது, கூட்டமும் அதிகம். பழகுவதற்குப் பருவத்தின் தொடக்கமே என் தேர்வு.

படி 2: பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பாருங்கள்

யாரும் விரும்பாத படி இதுதான். குறைந்தது 20 நிமிடம் உட்காருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும்: சில நிமிடம் கடல் தூங்குவதுபோல் கிடக்கும், பிறகு பெரியவை வரிசையாக வரும். அமைதியான நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

அலை எங்கே முதலில் உடைகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். இந்தக் கரையின் பெயர் பெற்ற அலைகள் அநேகமாக எல்லாமே வலப்பக்க அலைகள். அலை தெற்கிலிருந்து வந்து, கடலுக்குள் நீண்டிருக்கும் முனையைச் சுற்றி வளைந்து, தெற்கிலிருந்து வடக்காக உடைந்துகொண்டே போகும். கரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு அது இடப்பக்கமாக ஓடுவதாகத் தெரியும். பலகையில் கரையைப் பார்த்து எழுந்து நிற்பவருக்கோ அது வலம். இடது காலை முன்வைத்து நிற்பவர்களுக்கு இது வசதி, அலையின் முகம் கண்ணெதிரே இருக்கும்.

அடுத்து, மற்றவர்கள் எங்கே இறங்குகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள் என்று பாருங்கள். நுரையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் நீர்ப்பட்டை பாதுகாப்பானது என்று எண்ணாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் பல வேளைகளில் அந்த வழியாகத்தான் திரும்ப ஓடும். அதில் மாட்டிக்கொண்டால் பலகையை விடாமல், கரைக்கு இணையாகத் துடுப்பிட்டு வெளியேறுங்கள்.

கைபேசிச் செயலியில் உயரத்தோடு அலை இடைவெளியையும், அதாவது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே உள்ள நேரத்தையும் பாருங்கள். ஒரு மீட்டர் அலை 14 விநாடி இடைவெளியில் வந்தால், 7 விநாடியில் வருவதைவிட அதன் தள்ளு மிகப் பலமாக இருக்கும்.

படி 3: வெண்ணுரையில் தொடக்கம்

விஸ்கி பொயின்ட், அல்லது குடாவுக்குள்ளேயே இருக்கும் பேபி பொயின்ட். இரண்டிலும் அலை மென்மையானது. பேபி பொயின்ட்டுக்கு நடந்தே போகலாம், ஆனால் பயிற்சி வகுப்புகளின் நெரிசல் இருக்கும், அங்கங்கே கல்லும் உண்டு. ஓட்டோவுக்குச் செலவழித்தாலும் விஸ்கி பொயின்ட்டே மேல் என்பேன்.

8 அல்லது 9 அடி நுரைப்பலகை எடுங்கள். குட்டைப் பலகை அழகாகத்தான் இருக்கும், இப்போதைக்கு அது வேண்டாம். காலில் கட்டும் லீஷ் வாரைச் சரிபாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, உடைந்து வரும் நுரையில் படுத்தபடி முதலில் வாருங்கள், பிறகு எழுந்து நில்லுங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல், உடம்பைத் தட்டையாக விட்டு விழுங்கள். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள், உங்களை அடிக்கப்போவது பெரும்பாலும் உங்கள் பலகைதான்.

படி 4: உடையாத அலை

நுரையில் நேராக நின்று, வேண்டிய பக்கம் திரும்பவும் முடிகிறதா? பாணமைப் பக்கமாக, தெற்கே பீநட் ஃபாமுக்குப் போங்கள். அதற்கு வடக்கே, போகும் வழியிலேயே எலிஃபன்ட் றொக். அங்கே மணல் நகர நகர அலையும் மாறும், நேற்று நன்றாக இருந்த இடம் இன்று சப்பென்று கிடக்கலாம். பாறைக்குப் பின்னாலுள்ள களப்பில் கால் நனைக்க வேண்டாம், முதலைகள் இருக்கின்றன.

இங்கேயே வரிசை ஒழுங்கைப் பழகிவிடுங்கள். அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் ஏறிவிட்டால் நீங்கள் விலக வேண்டும். வெளியே போகும்போதும் ஆட்கள் சறுக்கி வரும் பாதைக்குக் குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள்.

படி 5: மெயின் பொயின்ட், பொத்துவில் பொயின்ட்

மெயின் பொயின்ட்டின் படத்தைப் பார்த்துத்தான் பலர் இங்கே வருகிறார்கள். 2019இல் உலக சர்ஃப் லீக்கின் போட்டி அறுகம்பேயில் நடந்தது என்றால் தரம் புரியும். அடியில் பாறை, பாறையில் கடல் முள்ளெலி. உடையாத அலையில் பத்துக்கு ஏழு தடவையாவது எழுந்து, குறுக்கே ஓடி, யாரையும் இடிக்காமல் நிறுத்த முடிகிறவர்கள் மட்டும் இறங்குங்கள். பலகையைக் கைவிடும் பழக்கம் இருக்கும்வரை வேண்டாம்.

பொத்துவில் பொயின்ட் அலை நீளமானது, ஆனால் கரையை ஒட்டியே ஓடும், உட்பக்கத்தில் பெரிய கற்கள் கிடக்கும். எப்போது அலையை விட்டு இறங்குவது என்று தெரிந்தவர்களுக்கே அது. உகந்தை முருகன் கோயிலுக்கருகே உள்ள அலையும் தேர்ந்தவர்களுக்குத்தான். குமண வனத்தின் வாசல் அது, உதவி கிடைக்க நேரமாகும், தனியாகப் போகாதீர்கள்.

ஒக்டோபர் கடந்து வாடைக்காற்றும் மழையும் வந்தால் இந்தக் கரை பழகுவதற்கு உதவாது. பயிற்சியை விடாமல் தொடர நினைப்பவர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கரையிலுள்ள வெலிகமைக்குப் போகலாம். அங்கே அடியில் பெரும்பாலும் மணல்தான், மூன்றாம் படியிலிருந்தே தொடங்கலாம்.