கொழுக்கட்டைப் புல்லில் விதை எடுப்பது எப்படி?

மாட்டுக்கு வளர்ப்பதென்றால் இலை வேண்டும். விதைக்கு வளர்ப்பதென்றால் கதிர் வேண்டும். இடம் தேர்வதிலிருந்து அறுப்புவரை வித்தியாசம்.

சம்பா நடும் களிமண் வயலைத் தொடாதீர்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் தூர் அழுகும். தஞ்சை மாவட்டத்தில் வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண் மேடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்சாரி நிலம் நன்றாக வரும். கொள்ளிடப் படுகையும் பொருந்தும், வெள்ளம் ஏறாத இடமாக இருந்தால்.

பலர் ஏமாறுவது விதையில்தான். கதிரிலிருந்து உருவிய புது விதை உடனே முளைக்காது. உறக்கம் கலைய 6 முதல் 8 மாதம் ஆகும். போன வருட விதையைக் கேட்டு வாங்குங்கள். விதை என்று விற்பது சுணை மூடிய சிறு பூங்கொத்துதான்; வாங்குமுன் அதில் பத்தை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். சுணை உதிர்ந்து, உள்ளே கெட்டியான சிறு மணி தட்டுப்பட வேண்டும்; வெறும் சுணையாகவே இருந்தால் பதர். பிறகு 100 எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, இரண்டு வாரம் கழித்து முளைத்ததை எண்ணுங்கள்.

மாசியில் விதைப்பது நல்லது. புரட்டாசியில் விதைத்தால் அடுத்து வரும் பெருமழை விதையை வாரிக்கொண்டு போகும். ஏக்கருக்கு 2 டன் தொழு உரம், 10 கிலோ தழைச்சத்து, 16 கிலோ மணிச்சத்து, 8 கிலோ சாம்பல் சத்து. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும், பயிர் சாயும்.

ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை. விதை பஞ்சுபோல ஒட்டிக்கொள்ளும், காற்றிலும் பறக்கும். ஐந்து பங்கு ஈர மணலில் பிசிறி, 50 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் தூவுங்கள். மேலே அரை அங்குலத்துக்கும் குறைவாக மண் மூடினால் போதும், ஆழம் போனால் வெளியே வராது. வாய்க்கால் தண்ணீரைப் பாய்ச்சினால் விதை மிதந்து ஓரத்தில் ஒதுங்கும். பூவாளியோ தெளிப்பு நீரோதான் சரி. வரிசை இருந்தால்தான் முதல் மாதத்தில் களை எது, பயிர் எது என்று தெரியும்.

கதிர் நுனியிலிருந்து உதிரத் தொடங்கும், எல்லாக் கதிரும் ஒன்றாக முற்றாது. அடியிலிருந்து மேல்நோக்கி லேசாக உருவுங்கள். தடையில்லாமல் கையோடு வந்தால் பக்குவம். அரிவாள் வைத்தால் பச்சையும் சேர்ந்து வரும், முற்றியது தரையில் கொட்டும். பனி காய்ந்தபின் மடி கட்டி வாரம் இரண்டு முறை உருவுவதே லாபம். நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவையுங்கள். குவித்தால் சூடேறி முளைப்பு போய்விடும். துணிப்பையில் வையுங்கள், பாலித்தீன் வேண்டாம்.

பக்கத்து வயல் ரகம் கலந்துவிடுமா என்று கேட்கிறார்கள். இந்தப் புல் பெரும்பாலும் கருவுறாமலே விதை பிடிக்கும், மகரந்தத்தால் வரும் கலப்புக் குறைவு. கலப்பு வருவது களத்திலும் சாக்கிலும்தான். போன வருட விதை உதிர்ந்த நிலத்தில் வேறு ரகம் போடாதீர்கள்.