சல்லடையைக் கையில் கொடுங்கள், பிறகு பெயர் சொல்லுங்கள்

கேரளத்தில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் அங்கன்வாடிக்கு அமிர்தம் பொடி என்னும் சத்துமாவு வாங்க வரும் தாய்மார்கள், இடுப்பிலிருக்கும் குழந்தையின் முகவாயைத் திருப்பி, "அங்கே பார், மயில்! மயில்!" என்பார்கள். குழந்தையோ என் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். "சாவி" என்று சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது.

குழந்தையின் கண் எதன்மேல் இருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். குழந்தை ஏற்கெனவே கவனிக்கும் பொருளுக்குச் சொன்ன பெயர், கவனத்தைத் திருப்பிச் சொன்ன பெயரைவிட நன்றாகப் பதிகிறது என்று டோமசெல்லோ, ஃபாரர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-இலேயே காட்டிவிட்டார்கள்.

கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரு சல்லடையைக் கொடுத்துப் பாருங்கள். புரட்டும், விளிம்பைக் கடிக்கும், பிறகு முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டைகள் வழியே உங்களைப் பார்க்கும். அப்போது அதன் கண் நிறையச் சல்லடைதான். "மாவு சலிக்கிற சல்லடை" என்று அந்த நேரத்தில் சொல்லுங்கள். "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள்.

இரண்டு வயதை ஒட்டி ஒரு விளையாட்டு உண்டு. டம்ளர், கரண்டி, இதுவரை பார்த்திராத மத்து மூன்றையும் வைத்து "மத்து எங்கே?" என்று கேளுங்கள். மற்ற இரண்டுக்கும் பெயர் தெரியும் என்பதால் பெரும்பாலும் மத்தை எடுத்துவிடும். பாட்டிகள் பூரித்துப்போவார்கள். கொஞ்சம் பொறுங்கள். 2008-இல் ஹார்ஸ்ட், சாமுவெல்சன் இதே வயதுக் குழந்தைகளிடம் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டபோது, புதுப் பெயர் மனத்தில் நிற்கவில்லை. ஆகவே அதன் கண்ணெதிரே மோர் கடையுங்கள், சாயங்காலம் கழுவும்போதும் பெயரைச் சொல்லுங்கள், மறுநாளும் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் அடுக்களையில் தமிழ், வாசலில் மலையாளம். "குழந்தை குழம்பிவிடும், ஒன்றை நிறுத்துங்கள்" என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பயர்ஸ்-ஹைன்லைன், வெர்க்கர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 17, 18 மாத ஒருமொழிக் குழந்தைகள் புதுப் பெயரைக் கேட்டதும் தெரியாத பொருளைப் பார்த்தன. இருமொழிக் குழந்தைகளிடம் அது குறைவு. மும்மொழிக் குழந்தைகளிடம் காணவே இல்லை. இது குழப்பம் இல்லை; ஒரே பொருளுக்கு இரண்டு, மூன்று பெயர் கேட்டே வளரும் பிள்ளைகள் அல்லவா? அதனால் உங்கள் பிள்ளை மத்துக்குப் பதில் டம்ளரை நீட்டினால் மந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள். ஒன்றரை வயதாகியும் எந்த மொழியிலும் ஒரு சொல் வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவும் இல்லை என்றால், முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள்.