விக்டர் ரீடர் ஸ்ட்ரீமில் நூல்களை அடுக்குவது

விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் என்பது பார்வையற்றோர் நூல்களைக் கேட்கப் பயன்படுத்தும் கையடக்கக் கருவி. அதில் எஸ்டி கார்டைச் செருகியதும் டாலர் குறியோடு ‘விஆர்’ என்று தொடங்கும் ஃபோல்டர்களைக் கருவியே உருவாக்கிக்கொள்ளும். அந்தப் பெயர்களில் கை வைக்காதீர்கள். மாற்றினால் 1ஆம் விசையை அழுத்தி அலமாரிகளை, அதாவது இந்த ஃபோல்டர்களை, புரட்டும்போது நூல் தட்டுப்படாது.

டெய்சி நூல்கள் (தலைப்புவாரியாகத் தாவ வசதியுள்ள ஒலிநூல்கள்) ‘விஆர்டிடிபி’க்குள், நூலுக்கு ஒரு ஃபோல்டராக. ஒலிக்கோப்பை மட்டும் பிரித்தெடுத்துப் போட்டால் தலைப்புவாரியாகத் தாவ முடியாது.

அதிகம் சொதப்புவது எம்பி3 நூல்களில்தான். ‘விஆர்அதர்புக்ஸ்’ஸில் 30 அத்தியாயங்களைத் தனி ஃபோல்டர் இல்லாமல் கொட்டினால் 30 தனி நூல்களாகிவிடும். ஒரே ஃபோல்டரில் போட்டு 01, 02 என்று பெயரிடுங்கள். வெறும் 1, 2 என்றால் 10 முந்திக்கொள்ளலாம். ‘விஆர்மியூசிக்’கில் நூலைப் போடவே வேண்டாம். அங்கே இருப்பதெல்லாம் சேர்ந்து ஒரே நூல் கணக்கு. நூலுக்கு நூல் விட்ட இடம் நினைவிருக்காது.