மெட்டல் டிடெக்டர்: விலை கூடினால் ஆழம் கூடுமா? மலையகத்து மண்ணில் நடக்கும் தவறுகள்

ஹட்டன் பக்கம் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ரைஸ் குக்கர், டிவி ரிமோட், சார்ஜர் என்று வந்துகொண்டிருந்த மேசைக்கு இப்போது ‘ஸ்கேனர்’ என்ற பெயரில் மெட்டல் டிடெக்டரும் வருகிறது. கட்டாரில் இருந்து லீவில் வந்தவர் சூட்கேஸில் கொண்டு வந்திருப்பார், இல்லையென்றால் கொழும்பில் யாரோ விற்றது கைமாறி வந்திருக்கும். மேசையில் வைத்ததும் முதல் கேள்வி: “அண்ணே, இது எத்தனை அடி போகும்?” அடுத்தது: “இன்னும் விலை கூடினது வாங்கினா இன்னும் ஆழமா போகும்தானே?”

அந்த இரண்டாவது கேள்வியில்தான் காசு கரைகிறது.

வெளிநாட்டு விலையில் சுமார் 250 முதல் 700 டொலர் வரை உள்ளதை நடுத்தரம் என்று வைத்துக்கொள்வோம். கரெட் ஏஸ் 400, நொக்டா சிம்ப்ளெக்ஸ், நொக்டா லெஜண்ட் எல்லாம் இந்த வட்டம். 1,000 டொலரைத் தாண்டினால் உச்சம்: எக்ஸ்பி டியூஸ் 2, மைன்லாப் மன்டிகோர். அதற்கும் மேலே பல ஆயிரம் டொலருக்குப் பொன் தேடும் மெஷின்கள் தனியாக இருக்கின்றன, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

ஆழத்தின் கணக்கு இரக்கமில்லாதது. கொயிலில் இருந்து, அதாவது மெஷினின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் கம்பிச் சுருளில் இருந்து (எங்கள் அம்மாவுக்கு இது ‘கோயில்’ என்றே காதில் விழும், “எந்தக் கோயில்டா?” என்பார்) காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அது உலோகத்தில் ஒரு சின்ன மின்னோட்டத்தை எழுப்ப, அந்த மின்னோட்டத்தின் புலம் திரும்பி மேலே வர வேண்டும். இறங்கும்போது தூரத்தின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது (தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு), ஏறும்போதும் அதே தேய்வு. ஆகவே சின்னப் பொருள் ஒன்று இரண்டு மடங்கு ஆழத்தில் கிடந்தால் திரும்பி வரும் சிக்னல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்குதான். மூன்று மடங்கு காசு கொடுத்தால் மூன்று மடங்கு ஆழம் கிடைக்காது என்பதற்கு இதுதான் காரணம். நடுத்தர மெஷினுக்கும் உச்ச விலை மெஷினுக்கும் ஒரு நாணயக் குற்றியின் மேல் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு அங்குலம். நல்ல மண்ணில் ஒரு ரூபாய் அளவுக் குற்றியை 8, 10 அங்குலத்தில் பிடித்தாலே அது கெட்டிக்கார மெஷின். பத்தடி, இருபதடி என்று சொல்லி விற்பவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நம் மண் நல்ல மண் அல்ல என்பது அடுத்த சிக்கல். தேயிலைக்கு நல்லது, கொயிலுக்குக் கெட்டது. மலைநாட்டின் அடியில் இருப்பது மிகப் பழைய உருமாற்றப் பாறை. அதில் மக்னடைட் என்ற இரும்புத் தாது பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கிறது. காலங்காலமாகப் பெய்த மழை மற்றதைக் கரைத்துக்கொண்டு போக, இரும்பு மிஞ்சி மண் சிவந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி, தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் மண்ணில் உரசி எடுங்கள். முளைவிடும் மீசை மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த மீசைதான் மெஷினைக் குழப்புகிறது. கொயிலைப் பொறுத்தவரை மண் முழுவதும் ஒரு பெரிய, மங்கலான உலோகம்.

அதனால் கடை மேசையில் கொயிலுக்கு முன்னால் மோதிரத்தை ஆட்டிப் பார்த்து இரண்டு மெஷின்களை ஒப்பிடுவது பயனற்ற வேலை. நானும் செய்திருக்கிறேன். ஒரு பழைய செப்புச் சதக் குற்றியைக் காற்றில் இரண்டு மெஷினும் 11 அங்குலத்தில் பிடித்தன. வீட்டுக்குப் பின்னால் ஏழு அங்குலத்தில் அதையே புதைத்தபோது மலிவானது ஒரு பக்கம் வீசினால் முனகியது, மறு பக்கம் வீசினால் ஊமை. மற்றது இரண்டு பக்கமும் மெல்ல, ஆனால் தெளிவாகச் சொன்னது. காரணம் விலை அல்ல. அந்த இரண்டாவது மெஷினில் மண்ணுக்கு ஏற்றபடி சமப்படுத்தும் வசதி இருந்தது. உலோகமில்லாத ஓர் இடத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டு கொயிலை மேலும் கீழும் ஆட்டினால், இந்த மண்ணின் சத்தத்தைக் கழித்துவிடு என்று மெஷினுக்குப் புரியும். ஏஸ் 400இல் இது தொழிற்சாலையிலேயே ஒரு நிலையில் வைக்கப்பட்டது, நாம் மாற்ற முடியாது. அதைவிட விலை அதிகமில்லாத சிம்ப்ளெக்ஸில் மாற்றலாம். நடுத்தரத்துக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது நடுத்தரம், உச்சம் என்று இரண்டு மூட்டையாகக் கட்டி ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று, இப்போது புழங்கும் குற்றியை வைத்துச் சோதிக்காதீர்கள். 2000களின் நடுவில் இருந்து நம் குற்றிகள் பெரும்பாலும் இரும்பின் மேல் முலாம் பூசியவை, காந்தத்தில் ஒட்டும். நல்ல மெஷின் அதை இரும்பு என்று ஒதுக்கினால் மெஷின் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பாட்டியின் பெட்டியில் 1870 என்று அடித்த செப்புச் சதமோ, வெள்ளி 25 சதமோ இருந்தால் அதுதான் சரியான உரைகல்.

இனி அந்தப் பல ஆயிரம் டொலர் மெஷின். மைன்லாப் ஜிபிஎக்ஸ் 6000, ஜிபிஇசட் 7000 போன்றவை அவுஸ்திரேலியாவின் பொன்வயல்களுக்காகச் செய்யப்பட்டவை. இரும்பு நிறைந்த மண்ணை அவை கண்டுகொள்ளாது. “அப்ப நம்ம மண்ணுக்கும் அதுதானே சரி?” என்று ஒரு தம்பி மடக்கினான். பாதி சரி. ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்வதில் அவை பலவீனமானவை. ஆளில்லாப் பாலைவனத்தில் அது பரவாயில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான ஒரு லயத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள்: நூறு வருடக் கூரைத் தகரம், ஆணி, கவ்வாத்துக் கத்தியின் உடைந்த நுனி, சுரண்டியின் பிடிவளையம், செருப்பாணி. ஒவ்வொன்றுக்கும் மெஷின் கத்தும். மாலைக்குள் பெட்டி நிறைய ஆணி சேரும், முதுகு போய்விடும். தோண்டி எடுக்கப் பொன்வயலும் நமக்கு இல்லை. ஜிபிஇசட் 7000 மூன்று கிலோவுக்கு மேல் கனம். கொழுந்து மலைச் சரிவில் அதை அரை மணி நேரம் வீசிப் பார்த்தவர் பிறகு கேள்வி கேட்க மாட்டார்.

பொகவந்தலாவைப் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் கேட்பது வேறு: “கல் காட்டுமா?” காட்டாது. மாணிக்கமும் நீலமும் உலோகமல்ல, எத்தனை இலட்சம் கொடுத்தாலும் கொயிலுக்கு அவை வெறும் கூழாங்கல். கல்லுக்கென்று மண்ணைத் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல.

சின்னத் தங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் உண்மையில் தொலைவது அதுதான். என் சித்தி மகளின் தோடு, கொழுந்து மடுவத்துக்கு முன்னால் நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது விழுந்துவிட்டது. திருகாணி கழன்றிருக்கிறது, கவனிக்கவில்லை. கங்காணியிடம் சொல்லி, தொரையிடம் அனுமதி வாங்கி, ஞாயிறு காலை போனோம். நண்பனின் மெஷின் 10 கிலோஹேர்ட்ஸில் மட்டும் ஓடுவது. ‘ஆணி வேண்டாம்’ என்று, இரும்பின் சத்தத்தை ஒதுக்கும் ‘வெட்டு’ என்ற அமைப்பை உச்சத்தில் வைத்து இரண்டு மணி நேரம் வீசினோம். ஒன்றுமில்லை. பிற்பகலில் வேறொருவரிடம் இரவல் வாங்கிய, ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் ஓடும் மெஷின் வந்தது. அதுவும் நடுத்தர விலைதான். அந்த ‘வெட்டு’ அளவைக் குறைத்து, சிறிய கொயில் போட்டு, அதே இடத்தில் முழங்கால் போட்டுத் தேடினோம். வந்தது என்ன? பனடோல் மாத்திரைக் கார்ட், சுண்ணாம்பு டப்பி மூடி, பால்மா பக்கற்றின் வெள்ளித் தாள், மறுபடியும் பனடோல் கார்ட். முப்பதுக்கு மேல் குழி. நாம் ஏற்கெனவே இரண்டு தடவை கடந்துபோன ஓர் இடத்தில், இரண்டு அங்குலத்துக்குள், சேற்றோடு சேறாக அந்தத் தோடு. என்ன உலோகம் என்று ஊகிக்க மெஷின் திரையில் ஓர் இலக்கம் காட்டும், தோட்டுக்கு வந்தது பனடோல் கார்டுக்கு வந்த அதே இலக்கம்.

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. சின்னத் தங்கத்துக்கு உயர்ந்த அலைவரிசை வேண்டும், பெரிய வெள்ளிக்கும் செம்புக்கும் தாழ்ந்தது போதும். ஒற்றை அலைவரிசை மெஷின் ஏதோ ஒன்றில் சமரசம் செய்துதான் ஆக வேண்டும். மற்றது, விலை கூடின மெஷின் தங்கத்தை ‘தங்கம்’ என்று சொல்லும் என்ற நம்பிக்கை. எந்த மெஷினும் சொல்லாது. மெல்லிய தங்கமும் அலுமினியத் தாளும் மின்னைக் கடத்தும் விதத்தில் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. குப்பையை ஒதுக்கினால் தோட்டையும் ஒதுக்குகிறீர்கள். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளின் சுற்றுப்புறம் இதில் இன்னும் மோசம். தேயிலைப் பெட்டிக்குள் ஒரு காலத்தில் ஈயத் தாள் விரித்தார்கள், பிறகு அலுமினியத் தாள், ஓரத்துக்குத் தகரப் பட்டியும் ஆணியும். எல்லாம் அங்கேயே மண்ணில்.

கொயில் பெரிதானால் ஆழம் கூடும் என்பது பெரிய பொருளுக்கு உண்மை. லயத்தோரக் குப்பையில் ஐந்தாறு அங்குலக் கொயில் பதினைந்து அங்குலக் கொயிலைத் தோற்கடிக்கும், ஏனென்றால் அது ஒரு நேரத்தில் ஓர் ஆணியை மட்டும் பார்க்கிறது. உச்ச விலை மெஷினின் உண்மையான பலமும் இதுதான்: ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் குற்றியைச் சட்டென்று பிரித்துச் சொல்வது. காசு அதற்குத்தான் போகிறது. அது உங்களுக்குத் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்கம்பி விஷயம். லக்ஷபான, நோர்ட்டன் பக்கம் மலைக்கு மேலால் போகும் உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே நின்றால் மெஷின் பேய் பிடித்த மாதிரிக் கத்தும். “பழுதான மெஷின் வித்துட்டான்” என்று சண்டைக்குப் போகும் முன் கம்பிக்குத் தூரமாக வந்து பாருங்கள், சட்டைப் பொக்கெட்டில் இருக்கும் போனையும் தள்ளி வையுங்கள். உணர்திறனை இரண்டு படி குறைத்தால் ஆழம் கொஞ்சம் குறையும், அமைதி திரும்பும்.

மோசடியும் இந்த விலை மயக்கத்தில்தான் வாழ்கிறது. கையில் பிடித்தால் அன்ரெனா தானாகத் திரும்பி, நூறு மீற்றர் தள்ளியுள்ள தங்கத்தைக் காட்டும் என்று விற்கிறார்களே, அதற்குப் பெரிய அண்ணன் ஏடிஇ 651. குண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கே பெருந்தொகைக்கு விற்றார்கள், உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவுமில்லை. விற்றவருக்கு 2013இல் பிரித்தானியாவில் பத்து வருடச் சிறை. பெயர்பெற்ற மொடல்களுக்குப் போலிகளும் உண்டு. பெட்டி அச்சாக இருக்கும், சீரியல் இலக்கத்தைக் கம்பனியிடம் கேட்டால் குட்டு வெளிப்படும்.

சட்டத்தைக் கடைசியில் எழுதுவதால் அது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ‘புதையல் தோண்டியவர்கள் கைது, ஸ்கேனர் பறிமுதல்’ என்ற செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் எல்லையாக வைத்தது 1815 மார்ச் 2ஐ, அதாவது கண்டி ஒப்பந்த நாளை. அதற்கு முற்பட்ட, இன்னும் கண்டுபிடிக்கப்படாத பொருள் அரசுடையது, காணிக்காரனுக்கே உரிமையில்லை. அதைத் தேடித் தோண்டத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். “பொழுதுபோக்குக்குத்தான் சார்” என்பது பொலிஸில் எடுபடாது. மெஷினைக் கொண்டுவருவதற்கு முன்னால் சுங்கத்திடமும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோப்பிக் காலத்துச் சதம் 1815க்குப் பிந்தியதுதானே என்று வாதாடலாம். ஆனால் நிலம் யாருடையது? தாத்தாவின் தாத்தா காலத்தில் இருந்து அதே லயத்துக் காம்பராவில் இருந்தாலும் தோட்டத்துக் காணி அரசுடையது, 1992இல் இருந்து கம்பனிகள் நடத்துகின்றன. நம் வாசலில் நாமே மரக்கறி போட்ட இடத்தில் குழி தோண்டவும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது கசப்புத்தான், ஆனால் கேட்காமல் தோண்டினால் மாட்டிக்கொள்வது நாம். வரட்சியில் மவுசாகலை நீர்த்தேக்கம் இறங்கி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும்போது மெஷினோடு போகலாமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். கும்பிட்டுவிட்டு வாருங்கள், மெஷின் வீட்டில் இருக்கட்டும்.

வாங்குவதென்றால், என் கணக்கில்: கையில் உள்ளதை எல்லாம் மெஷினிலேயே கொட்டாமல், பல அலைவரிசையில் ஓடும், மண்ணைச் சமப்படுத்தக்கூடிய, மழையில் நனையக்கூடிய நடுத்தர மெஷின் ஒன்று. மிச்சத்தில் குழிக்குள் விட்டுத் தேடும் சின்ன பின்பொயின்டர், சிறிய கொயில், ஹெட்போன். மழைக்குத் தாங்குமா என்பதில் கவனம் தேவை. சிலவற்றில் கொயில் மட்டும்தான் நீர் புகாதது, மேல் பெட்டிக்குள் ஒரு தூறல் போனால் என் மேசைக்குத்தான் வரும். உச்ச விலை மெஷின்கள் பலவற்றில் உள்ளே ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள், என்னால் திறக்கவும் முடியாது.

பழுது என்று வருகிற மெஷின்களில் பாதியை நான் திறப்பதேயில்லை. கொயிலின் அடியில் உள்ள பிளாஸ்டிக் கவரைக் கழற்றச் சொல்வேன். உள்ளே அரை அங்குலத்துக்குச் சிவப்பு மண் அப்பியிருக்கும், அதே கறுப்பு மீசையோடு. கழுவித் துடைத்துப் போட்டால் கத்தல் நின்றுவிடும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.