1200 கலோரியும் ஒரு தேங்காயும்

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு தராசில் ஏறினேன். 84 கிலோ. கட்டாரில் இருக்கிற மச்சான் ஒருவனிடம் புலம்பியதும் வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை வந்து விழுந்தது. "நாளைக்கு 1,200 கலோரி. இதைப் பிடி மச்சான், மூன்று மாசத்தில வயிறு போயிடும்" என்றான். எட்டு நாள் பிடித்தேன். ஒன்பதாம் நாள் இரவு மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வரும்போது கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் காதில் விழுந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

அப்போது என் மனக்கட்டுப்பாட்டைத்தான் திட்டினேன். இப்போது யோசித்தால், பிழை அந்த எண்ணில் இருந்தது. அது யாருக்கோ போட்ட எண். என் உயரம், என் வயது, என் வீட்டு அடுப்படி எதுவும் அதற்குத் தெரியாது.

எண்ணைக் கண்டுபிடிக்க 1990-இல் வெளிவந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இருக்கிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். எனக்கு வயது 44, உயரம் 168. விடை 1,675. பாயில் சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு ஏறக்குறைய இவ்வளவு செலவழிக்கும். கந்தோரில் கதிரையில் இருக்கிற வேலைக்கு அதை 1.2-ஆல் பெருக்கினால் 2,010. அதாவது நான் முதல் நாளே 800 கலோரிப் பள்ளத்துக்குள் குதித்திருக்கிறேன்.

1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்களுக்குக் கிடைத்தது சராசரியாக நாளைக்கு 1,570 கலோரி அளவு. அவர்கள் தொடக்கத்தில் பருமனானவர்கள் இல்லை, நிறைய நடக்கவும் வைத்தார்கள், ஆகவே எங்கள் கதையோடு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது. நாள் போகப் போக அவர்களுக்கு நினைப்பெல்லாம் சாப்பாடாகவே போய்விட்டது. சிலர் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள். நான் 1,200-இல் இருந்த அந்த எட்டு நாளும் இரவில் போனில் பார்த்தது முழுக்கப் புரியாணி வீடியோ.

செலவில் 300 முதல் 500 வரை குறைத்தால் பெரும்பாலானவர்களால் தாங்க முடியும். எனக்கு 1,500 – 1,700. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று கணக்கு. நாளைக்கு 400 குறைத்தால் காகிதத்தில் மாதம் ஒன்றரைக் கிலோ. நடைமுறையில் அதைவிட மெதுவாகத்தான் இறங்கும்.

அடுத்த பிழை அந்த 1.2-இல். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "நான் ஓடியாடி வேலை செய்கிற ஆள்" என்றுதான் சொல்வார்கள். கலோரி எண்ணும் செயலியில் "மிதமான உழைப்பு" என்பதை அழுத்துவார்கள், அது 1.55. என் கணக்கில் அந்த ஒரு அழுத்து 2,010-ஐ 2,596 ஆக்கிவிடும். அதிலிருந்து 500 குறைத்தாலும் 2,096, நான் உண்மையில் செலவழிப்பதைவிடக் கூட. கவனமாகச் சாப்பிட்டுக்கொண்டே கொழுக்கலாம்.

வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போகிறவர்களுக்கும் இதே கதை. அப்பாவின் காலத்தில் வெள்ளாமை வெட்டு என்றால் விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறும்வரை குனிந்து நின்று அரிவாள் பிடிக்க வேண்டும். இப்போது மெசின் வந்து வெட்டி, அடித்து, மூட்டையில் கொட்டிவிட்டுப் போகிறது. நாங்கள் வரம்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சோறு மட்டும் அப்பா தின்ற அளவு. உழைப்பு எவ்வளவு என்று சந்தேகமாக இருந்தால் 1.2 என்றே போடுங்கள். மூன்று கிழமையில் தேவைக்கு மேல் இறங்கினால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு வீட்டுக்கு ஓர் எண் போடுவது இன்னொரு பிழை. நான் தொடங்கியதைப் பார்த்து அக்காவும் தொடங்கினா. அவவுக்கு 52 வயது, உயரம் 152, எடை 64. சூத்திரம் 1,169 என்கிறது, 1.2-ஆல் பெருக்கினால் 1,403. நான் 400 குறைத்தால் அவவும் 400 குறைக்க வேண்டும் என்று நினைத்தா. அப்படியென்றால் ஆயிரம் கலோரி. பெண்கள் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் 1,200-க்குக் கீழும், ஆண்கள் 1,500-க்குக் கீழும் போக வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. குள்ளமான, ஐம்பது தாண்டிய பெண்களுக்குக் குறைக்க இடம் மிகக் குறைவு. இதை அட்டவணை போடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. அக்கா 1,300-இல் நின்று, மாலையில் கல்லடிப் பழைய பாலத்தில் நாற்பது நிமிடம் நடக்கிறா. நடையில் ஒரு நூறு கலோரி செலவாகும். மொத்தம் 200, மாதம் முக்கால் கிலோ. "இதுக்கா மனே இவ்வளவு பாடு?" என்றா. ஒன்பது மாதத்தில் அவவுக்கு இறங்கியது ஐந்து கிலோ. தொடக்க எடையில் ஐந்து முதல் பத்து வீதம் குறைந்தாலே சீனியும் பிரஷரும் கொஞ்சம் இறங்கத் தொடங்கும், அதுவே நல்ல இலக்கு.

சரி, எண் கிடைத்துவிட்டது. அதை எண்ணுவதில்தான் மட்டக்களப்பான் தோற்பான். காரணம் தேங்காய்.

சோற்றைக் குறைக்கிறோம், பாணை ஒதுக்குகிறோம், தேங்காயை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேங்காய்ப்பூ (துருவல்) 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. ஒரு காயில் 300 கிராம் பூ வந்தால் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நாலு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு காய் என்றால், பிழிந்த சக்கையில் போவதைக் கழித்தாலும் ஆளுக்கு 200 வரை வரும். அதுதான் நீங்கள் குறைக்க நினைத்த அளவில் பாதி. புட்டைப் பாருங்கள்: 100 கிராம் மாவு 360, அதோடு கலக்கிற 50 கிராம் பூ 175. ஆணம் (குழம்பு) ஊற்றுவதற்கு முன்னாலேயே 535. எருமைத் தயிரும் சீனியும் வாழைப்பழமும் போட்டுக் குழைத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காயை விடச் சொல்லவில்லை, விட்டால் வீட்டில் இருக்கவும் முடியாது. பாலாணத்தில் முதல் பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் வைக்கலாம். பால் ஆணமும் சம்பலும் சுண்டலும் ஒரே நேரத்தில் வேண்டாம், மூன்றில் ஒன்று போதும். சம்பலில் பூ முழுதாக வயிற்றுக்குள் போகிறது, பாலில் சக்கை வெளியே போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மிச்ச இடத்தை மீனால் நிரப்புங்கள். கொழுப்பில்லாத மீன் 100 கிராம் ஏறக்குறைய 100 கலோரிதான், புரதம் 20 கிராம் அளவு, பசியையும் பிடித்து வைக்கும். வாவிக் கரையில் இருந்துகொண்டு புரதத்துக்குப் பவுடர் டப்பா வாங்குகிறவர்களை எனக்கு இன்னும் விளங்கவில்லை. பொரித்தால் மட்டும் கணக்கு மாறும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120.

தேத்தண்ணியும் இப்படித்தான். மூன்று கரண்டி பால்மாவும் இரண்டு கரண்டி சீனியும் போட்ட ஒரு கப் 115 அளவில் வரும். நாளுக்கு நாலு கப் என்றால் 460. "நான் ஒன்றும் சாப்பிடுவதில்லை, தேத்தண்ணி மட்டும்தான்" என்கிற அக்காமார் நிறைய. பிளேன்டீயில் சீனியை ஒரு கரண்டிக்கு இறக்கினால் 20 தான்.

சின்னச் சின்னப் பிழைகளும் உண்டு. 100 கிராம் அரிசியில் 350 கலோரி, ஆனால் அது வெந்தால் 300 கிராம் சோறாகும். சோற்றை நிறுத்துவிட்டு அரிசிக் கணக்கைப் போட்டால் மூன்று மடங்கு தப்பு. பக்கற்றில் கிலோஜூலைக் கலோரி என்று வாசிப்பது இன்னொன்று, அதை 4.2-ஆல் வகுக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் என்ன செய்வது? காத்தான்குடியிலோ கல்முனையிலோ கூட்டாளி வீட்டுக் கல்யாணத்தில் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருக்கும்போது யார் எத்தனை கிராம் எடுத்தார் என்று எந்தச் செயலியும் சொல்லாது. அன்றைக்கு எண்ணாதீர்கள். எண்ணைக் கிழமைக் கணக்காக வையுங்கள்: என் 1,700 கிழமைக்கு 11,900. ஒரு நாள் 2,500 போனால் மற்ற ஆறு நாளுக்கும் 1,570 படி மிச்சம் இருக்கிறது. மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டுவதுதான் பிழை, அதன் முடிவு மறுகாவும் கொத்து ரொட்டிக் கடை.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ, கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். குறைப்பதற்கு முன் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களும் தாங்களாக இந்தக் கணக்கைப் போடக் கூடாது. மிக வேகமாக மெலிந்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

கடைசியாகத் தராசு. முதல் கிழமையில் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். அதேபோல இரவு கருவாட்டு ஆணம் சாப்பிட்டால் காலையில் ஒரு கிலோ ஏறியிருக்கும். அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர். அதைப் பார்த்துப் பயந்து எண்ணை இன்னும் 200 குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் குறைத்திருக்கிறேன். தினமும் காலையில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தின கிழமைச் சராசரியோடு பாருங்கள். பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்திலும் எடை ஏறி இறங்கும், ஆகவே மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவது நல்லது. மூன்று கிழமை சராசரி அசையாமல் நின்றால்தான் எண்ணைத் தொட வேண்டும், அதுவும் 100 அளவில். உடம்பு சிறிதாகச் சிறிதாகச் செலவும் குறையும். நான் இப்போது 77-இல் நிற்கிறேன், என் 2,010 இப்போது 1,920 அளவு. அந்த வித்தியாசத்தை இரண்டாவது தேத்தண்ணியில் எடுத்துக்கொண்டேன். புட்டைத் தொடவில்லை.