தட்டைக் கூரைக்குத் தார் அடுக்கு போடும் முறை

சின்ன டப்பாவில் காய்ச்சிய தாரை ஒரு கரண்டி மொண்டு தளத்தில் ஊற்றிவிட்டு, "என்னடா சொல்லுது?" என்று கேட்பார் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி. சத்தமே இல்லாமல் கறுப்பாகப் பரவிப் படிந்தால் "ஒண்ணும் சொல்லலண்ணே" என்பேன். சொய்யென்று பொரிந்து நுரை கிளம்பினால் அன்றைக்குப் பெரிய பாய்லரைப் பற்றவைக்க விடமாட்டார். நுரை வராவிட்டாலும் ஆறிய பிறகு நகத்தால் நெம்பிப் பார்ப்பார். தோல் உரிவது போல சுத்தமாகக் கையோடு வந்துவிட்டால் தளம் இன்னும் காயவில்லை அல்லது தூசி இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையை நான் இன்றுவரை விட்டதில்லை. ஒரே ஒருமுறை விட்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிடங்கு, பட்டறை, கடை வளாகம் மாதிரி பெரிய தட்டைக் கூரைகளுக்கான வேலை இது. சூடான தாரும் ஃபெல்ட்டும் (தார் ஊறிய, ரோலாக வரும் விரிப்பு) மாறி மாறி மூன்று அல்லது நான்கு அடுக்கு, அதன் மேல் கனமாக ஒரு தார்ப் பூச்சு, அதில் பதித்த ஜல்லி. நான்கு அடுக்கும் ஜல்லியும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ எடை வரும். கூரை அதைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொண்டுதான் பொருளை இறக்க வேண்டும்.

தட்டைக் கூரை என்று சொன்னாலும் வாட்டம் வேண்டும். மீட்டருக்கு 20 மி.மீ. சரிவு, அதாவது 2 சதவீதம் இருக்கட்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரசமட்டம் வையுங்கள், இல்லையென்றால் மழை நின்று 48 மணி நேரம் கழித்து மேலே ஏறிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும் இடங்களைச் சுற்றிக் கோடு போட்டு, தார் தொடுவதற்கு முன்பே சரி செய்யுங்கள். மேலே இன்னும் இரண்டு அடுக்கு போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பள்ளம் அப்படியே மேலே வந்து நிற்கும்.

இனி அந்த ஒருமுறை. நானே பொறுப்பேற்று நடத்திய முதல் கூரை. முந்தின நாள் நல்ல வெயில், அதனால் தளம் காய்ந்துதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். விடியற்காலைப் பனி தளத்தில் மெலிதாகப் படிந்திருந்தது. ஃபெல்ட் ரோல்களும் இரவெல்லாம் தரையில் படுக்கையாகக் கிடந்தன. கரண்டிச் சோதனைக்கு நேரமில்லை என்று நேராக உருட்டினோம். இரண்டாவது கோடையில் போய்ப் பார்த்தால் கூரை முழுக்கத் தவளை முதுகு மாதிரி கொப்புளம். தண்ணீர் ஆவியானால் கனஅளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். அடுக்குக்குள் மாட்டிய ஒரு சொட்டு ஒவ்வொரு வெயிலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஃபெல்ட்டைத் தூக்கிக்கொண்டே போகும். பாதிக் கூரையை என் செலவில் பெயர்த்து மறுபடி போட்டேன்.

அதனால் புதிய கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் ஆற விடுங்கள். அப்புறமும் சோதித்துப் பாருங்கள். ரோல்களைப் பலகை மேல் நிமிர்த்தி வைத்து, தார்ப்பாயால் மூடுங்கள். காலையில் பனி உலர்ந்த பிறகே கை வையுங்கள்.

தளம் கூட்டித் தூசி போனதும் பிரைமர் (தார் பிடித்துக்கொள்ள முதலில் அடிக்கும் மெல்லிய பூச்சு) அடித்துக் காய விட வேண்டும். இரும்புத் தகட்டுத் தளமாக இருந்தால் தாரை நேராக ஊற்றக்கூடாது, இடுக்கு வழியாகக் கீழே சொட்டும். முதலில் வெப்பத் தடுப்புப் பலகையைத் திருகு போட்டு இறுக்கி, இரண்டாவது பலகையை இணைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வராதபடி தாரில் ஒட்டுங்கள். நுரைப் பலகை என்றால் அதற்கு மேல் ஒரு மூடுபலகையும் வேண்டும். நுரையின் மேல் நேரடியாகச் சூடான தார் பட்டாலும் கொப்புளம்தான்.

அடுத்தது சூடு. கூரைத் தாரில் இளகு நிலையை வைத்து நான்கு ரகம் உண்டு. முதல் ரகம் சுமார் 57 முதல் 66 டிகிரி செல்சியஸில் இளகும், மூன்றாம் ரகம் 85 முதல் 96 டிகிரியில். சரிவு கூடக் கூட இளகு நிலை உயர்ந்த ரகம் வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் ஃபெல்ட் மெல்ல வழுக்கிக் கீழே இறங்கும். பூசும்போது தார் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், எந்தச் சூட்டில் தீப்பிடிக்கும் என்ற இரண்டு எண்களையும் தயாரிப்பாளரே குறித்துக் கொடுத்திருப்பார். முதல் எண்ணிலிருந்து 14 டிகிரி முன்னே பின்னே போகலாம். அந்த அளவு பாய்லரில் இருப்பது போதாது, ஃபெல்ட் உருளும் இடத்தில் இருக்க வேண்டும். வாளியில் மேலே ஏறி வருவதற்குள் சூடு இறங்கிவிடும். அதனால் தெர்மாமீட்டரை, தார் பூசும் துடைப்பமான மாப்பைத் தோய்க்கிற வாளியில் விட்டுப் பாருங்கள்.

சூடு குறைந்தால் தார் கெட்டியாகப் படிந்து, ஃபெல்ட் ஒட்டாமல் இடைவெளி விழும். மேலே இருப்பவர்கள் "சூடு பத்தல" என்று கத்துகிறார்கள் என்பதற்காகப் பாய்லர்க்காரர் கண்மண் தெரியாமல் பர்னரைத் திருப்பினால் தாரின் இளகு நிலையே தாழ்ந்துபோகும், தீயும் பிடிக்கும். தூரம் அதிகமென்றால் பாய்லரைக் கிட்டே கொண்டுவாருங்கள், அல்லது வாளிக்கு மூடி போடுங்கள். நிலக்கரித் தார் போட்ட பழைய கூரையில் பெட்ரோலியத்திலிருந்து வரும் இந்தத் தாரைக் கலக்காதீர்கள், இரண்டும் ஒன்றோடொன்று சேராது.

பாய்லரைத் தரையில், கட்டடத்துக்குள் காற்று இழுக்கும் துவாரங்களிலிருந்து தள்ளி, புகை ஆட்கள் பக்கம் வராத திசையில் நிறுத்துங்கள். கேஸ் சிலிண்டர் குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். தார்க் கட்டியை எறியாமல் மெதுவாக நழுவ விடுங்கள். தீப்பிடித்தால் மூடியைச் சாத்தி பர்னரை அணைப்பதுதான் வழி. தண்ணீர் ஊற்றவே கூடாது. முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் போட்டது, பேண்ட் பூட்ஸுக்கு வெளியே. தோலில் தார் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற விட்டு மருத்துவரிடம் போங்கள். பதறிப்போய்த் தாரைப் பிய்த்தால் தோலும் கூட வரும். என் இடது மணிக்கட்டில் இருக்கும் வெளுத்த தழும்பு அப்படிப் பிய்த்ததால் வந்தது.

இப்போது ஃபெல்ட். எப்போதும் கூரையின் தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்குங்கள், அப்போதுதான் தண்ணீர் விளிம்பில் முட்டாமல் அதன் மேல் ஓடும். ரோலின் அகலம் 914 மி.மீ. அதில் 50 கழித்து நான்கால் வகுத்தால் 216. ஒவ்வொரு ரோலும் முந்தினதை விட 216 மி.மீ. மேலே ஏறிப் படுக்க வேண்டும். அதற்கு நூல் அடித்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் மட்டும் முதலில் கால், அரை, முக்கால் அகலமாக வெட்டிய துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, பிறகு முழு ரோல். இப்படிச் செய்தால் முதல் சாணிலேயே நான்கு அடுக்கு கிடைத்துவிடும்.

ஒருவர் மாப் போட, இன்னொருவர் ரோலை உருட்ட, மூன்றாமவர் விளக்குமாற்றால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி அழுத்த வேண்டும். மாப் ரோலை விட ஒன்றரை மீட்டருக்கு மேல் முந்தக்கூடாது, தார் ஆறிவிடும். ஒரு அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 1.2 கிலோ தார் போதும். எங்கேயும் ஃபெல்ட்டை ஃபெல்ட் தொடக்கூடாது, நடுவில் தார் இருந்தே தீர வேண்டும். சரியாக உருண்டால் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தார் பிதுங்கி வரும். அந்தக் கோடு அறுந்த இடத்தில் கீழே காய்ந்து கிடக்கிறது. விளிம்பு மீன்வாய் போலத் திறந்து நின்றால் மிதித்து அமுக்காதீர்கள். கத்தியால் கீறிப் படுக்க வைத்து மேலே ஒரு துண்டு ஒட்டுங்கள். நீளவாக்கில் இரண்டு ரோல் சேரும் இடத்தில் 150 மி.மீ. ஏற்றம் வேண்டும்.

தொட்ட பகுதிக்கு நான்கு அடுக்கையும் அன்றைக்கே முடியுங்கள். இரண்டை இன்று, இரண்டை நாளை என்று வைத்தால் நடுவில் இரவுப் பனியைப் பூட்டி வைத்தது போல. சாயங்காலம் திறந்த விளிம்பைத் துண்டு ஒட்டி அடைத்துவிட்டு, மறுநாள் அதை வெட்டி எடுத்த பிறகு தொடருங்கள்.

ஒழுகுகிறது என்று யாராவது கூப்பிட்டால் நான் கூரை நடுவில் நேரம் கடத்துவதில்லை. கைப்பிடிச் சுவர் ஓரம், குழாய் அடி, தண்ணீர் இறங்கும் வாய், இந்த மூன்றையும்தான் முதலில் பார்ப்பேன். ஃபெல்ட் செங்குத்தாக மடங்காது, வெடிக்கும். அதனால் சுவர் மூலையில் 45 டிகிரிச் சாய்வுக் கட்டை வைத்து, மடிப்பைக் கூரை மட்டத்திலிருந்து குறைந்தது 200 மி.மீ. மேலே ஏற்றி, அதன் மேல் விளிம்பைப் பட்டை வைத்துச் சுவரோடு இறுக்கி, அதன் மேல் தகடு மூடுங்கள். தண்ணீர் இறங்கும் வாயைச் சுற்றித் தளத்தைச் சற்றே பள்ளமாக்குங்கள். அங்கே வைக்கும் உலோகத் தகட்டுக்கு இரண்டு பக்கமும் பிரைமர் வேண்டும்.

மேல்பூச்சுக்கு முன்னால் ஒரு துண்டை வெட்டி எடுத்து அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். பிரித்த இடத்தில் பளபளவென்று கறுப்பு தெரிந்தால் நல்லது. மங்கலாக, காய்ந்த திட்டு தெரிந்தால் அந்த வரிசையையே மறுபடி பாருங்கள். வெட்டிய குழியை உடனே அடைத்துவிடுங்கள். பிறகு சதுர மீட்டருக்கு சுமார் 3 கிலோ தாரை மாப்பால் தேய்க்காமல் ஊற்றிப் பரப்பி, ஆறுவதற்குள் 20 கிலோ ஜல்லியை வீசுங்கள். 6 முதல் 15 மி.மீ. அளவு, தூசியில்லாமல், உலர்ந்ததாக இருக்கட்டும். பாதியாவது தாரில் புதைய வேண்டும். வெயிலிலிருந்து தாரைக் காப்பது இந்த ஜல்லிதான்.

வருடத்துக்கு இரண்டு முறையும் பெரிய காற்று மழைக்குப் பிறகும் மேலே ஏறிப் பார்த்து, தண்ணீர் வாயில் சேர்ந்த குப்பையை அள்ளுங்கள். கையகலக் கொப்புளம் உடையாமல் இருந்தால் அதைக் குத்திக் கிளறாதீர்கள், மிதிக்கவும் வேண்டாம். நான் அதைச் சுற்றி ஜல்லி மேல் வெள்ளைப் பெயின்ட்டால் வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு இறங்கிவிடுவேன். அடுத்த முறை வரும்போது வட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் கத்தியை எடுப்பேன்.